முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு

ஓய்வு பெற்று எட்டு மாதங்கள் ஆகின்றன. இன்னும் வாரத்துக்கு இரண்டு முறையாவது ஃபோன் வருகிறது. கோயிலிலோ கல்யாண வீட்டிலோ யாரிடமாவது என் நம்பரை வாங்கியிருப்பார்கள். குரல்தான் மாறும், கேள்வி மாறாது. "தனா அக்கா, பதினேழு இஞ்சு டயர். மலிவாவும் இருக்கணும், நல்லாவும் இருக்கணும். எது போடலாம் சொல்லுங்க."

முப்பத்தோரு வருடம் மலேசியாவில், ஜொகூர் பக்கம் யோங் பெங்கில் ஒரு டயர் கடையின் முன்மேசையில் நின்றவள் நான். இந்தக் கேள்விக்கு எத்தனை முறை பதில் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. இப்போது ஃபோனைக் காதில் வைத்ததும் உட்கார இடம் தேடுகிறேன். நின்று நின்று வந்த குதிகால் வலி வேலையை விட்டும் போகவில்லை. "எந்த ரோட்டுல ஓட்டுறீங்க, கூட யாரு உக்காருவாங்க, பழைய டயர் எப்படி இருக்கு?" என்று நான் கேட்டால் பாதிப் பேருக்குப் பொறுமை இல்லை. "அதெல்லாம் எதுக்கு அக்கா, ஒரு பிராண்டு பேரு சொல்லுங்க லா" என்பார்கள். சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன்.

கடையும் பழைய கடை இல்லை. ஃபோனில் காரின் பெயரைப் போட்டால் டயரின் பெயர் வந்துவிடுகிறது. அங்கேயே வாங்கி, கடைக்கு அனுப்பி வைக்கிறார்கள். மாட்டிக் கொடுப்பது மட்டும்தான் கடையின் வேலை. எங்கள் முதலாளியை எல்லோரும் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய மகள் மேய் லிங்தான் இப்போது நிர்வாகம். நான் விலகுவதற்கு முந்தைய வாரம், முன்மேசைக்குப் புதிதாக வந்த மூன்று பேரை உட்கார வைத்து என்னைக் கொஞ்சம் பேசச் சொன்னாள். டயரின் வயதை எப்படிப் பார்ப்பது, காற்றழுத்தம் எப்படி வைப்பது என்று அரை மணி நேரம் பேசினேன். கடைசியில் அவர்களில் ஒருத்தி கேட்டாள், "அக்கா, நீங்க எப்பவாச்சும் தப்பு பண்ணிருக்கீங்களா?"

"நெறைய," என்று சிரித்துவிட்டு உட்கார்ந்தேன். மூவரும் சிரித்தார்கள். கூட்டம் முடிந்தது. அது பதில் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதற்கான பதிலை இங்கே எழுதுகிறேன்.

ரெங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டேட்டில் பிறந்தவள் நான். பதினேழு வயதில் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்த கையோடு, பில் எழுத ஆள் தேவை என்று கேள்விப்பட்டுத்தான் அந்தக் கடைக்குப் போனேன். டயர் என்றால் கறுப்பாக, வட்டமாக இருக்கும் என்பதைத் தவிர எதுவும் தெரியாது. இரண்டு வருடத்தில் அளவுகள் மனப்பாடம் ஆயின. மூன்றாம் வருடம் ஜொகூர் பாருவில் இரண்டு நாள் பயிற்சிக்குத் தவுக்கே அனுப்பி வைத்தார். அந்த வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். திரும்பி வந்ததும் பில் புத்தகத்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு என்னை முன்மேசையில் நிறுத்தினார். எந்தக் காருக்கு எந்த டயர் என்று வருகிறவர்களிடம் பேசி முடிவு செய்வது என் வேலை. "ஆம்பள யாரும் இல்லையா?" என்று கேட்டவர்கள் உண்டு. தவுக்கே தலையைத் தூக்காமலே, "அவள்தான் இருக்கிறாள்" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

அவர் பெயர் ஆ ஹோக். ஒல்லியான சீனர். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். என்னிடம் மலாயில்தான் பேசுவார். இங்கே தமிழில் எழுதுகிறேன். எதற்கும் அவசரப்பட மாட்டார். ஒரு கார் வந்தால் சாவியை வாங்குவதற்கு முன் நான்கு சக்கரத்தின் பக்கத்திலும் ஒவ்வொன்றாகக் குந்தி உட்காருவார். டயரின் மேல்பக்கத்தில் உள்ளங்கையை வைத்து ஒரு பக்கமாகத் தடவுவார். பிறகு எதிர்ப்பக்கமாகத் தடவுவார். ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் சொரசொரப்பாகவும் இருந்தால் அலைன்மெண்ட் கோணல் என்று அர்த்தம். அதன் பிறகு கார்க்காரரைக் கூப்பிட்டு, "கையை வை" என்பார். சட்டையில் மடிப்புக் கலையாமல் வந்த அதிகாரிகளைக்கூட விட்டதில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்து கையை வைப்பார்கள். கறுப்பு ஒட்டிய விரல்களைப் பார்த்துக்கொண்டே, "சரி, மாத்திடுங்க" என்பார்கள்.

டயரின் மேல் இருக்கும் வெட்டுகளை மலாயில் பூ என்பார்கள். எங்கள் கடையில் எல்லோருக்கும் அதுவே பழகிவிட்டது. பூ எவ்வளவு ஆழம் மிச்சம் இருக்கிறது என்பதை மூன்று இடத்தில் அளக்க வேண்டும்: உள்பக்கம், நடு, வெளிப்பக்கம். பிறகு டயரின் பக்கவாட்டில் நகத்தை அழுத்திப் பார்க்க வேண்டும். ரப்பர் நகத்துக்கு இணங்கவில்லை என்றால், பூ எவ்வளவு இருந்தாலும் மழையில் பிடிக்காது. பிறகு நான்கு இலக்க எண்ணைத் தேட வேண்டும். எந்த வாரம், எந்த வருடம் செய்தது என்பது அதில் இருக்கும். இவ்வளவையும் மஞ்சள் தாளில் எழுத வேண்டும். கழற்றியது எது, போட்டது எது, எந்த மூலையில் போட்டது. தாளின் அடியில் மூன்று சின்னக் கட்டங்கள். காற்று சரிபார்க்கப்பட்டது. நட்டு இறுக்கப்பட்டது. வாடிக்கையாளருக்கு விளக்கப்பட்டது. மூன்றிலும் டிக் போட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும்.

மூன்றாவது கட்டத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை. அந்த மாதம் முழுக்க மத்தியானமானால் மழை. ஊருக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் அன்றைக்குத்தான் டயர் நினைவு வந்திருந்தது. காலையிலிருந்தே கார்கள் சாலை வரைக்கும் நின்றன. தவுக்கே சரக்கு எடுக்கப் பத்து பகாட் ஊருக்குப் போயிருந்தார். முன்மேசையில் நான் ஒருத்தி. டயர் மாட்ட ரஹிமும் இன்னும் இரண்டு பேரும்.

பதினோரு மணி வாக்கில் ஒரு மஞ்சள் நிறச் சின்னக் கார் வந்தது. பார்க்கத்தான் சின்னது, எஞ்சின் சத்தத்திலேயே வேறு ரகம் என்று தெரிந்தது. ஓட்டி வந்தவர் மோகன். சிம்பாங் ரெங்கத்தில் வீடு, ஒரு தொழிற்சாலையில் டெக்னீசியன், வயது முப்பத்தைந்து இருக்கும். அந்தக் காரை ஆறு மாதத்துக்கு முன்புதான் செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தார். கதவைச் சாத்தும்போதுகூட மெதுவாகச் சாத்தினார். கூட வந்தவர் அவருடைய மனைவி ரேவதி. யோங் பெங்கிலேயே ஒரு சின்ன சலூனை வாடகைக்கு எடுத்துப் பெண்களுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தார். தொடங்கி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

இந்த மாதிரிக் கார்களில் ஒரு சங்கடம் உண்டு. கார் பழசானால் விலை இறங்கிவிடும். டயரின் விலை இறங்காது. மலிவாகக் கிடைத்ததே என்று காரை வாங்கியவர்கள், முதல் முறை டயர் மாற்ற வரும்போதுதான் முழிப்பார்கள். மோகனும் அப்படித்தான் விலைப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "அலமாக்" என்று மலைத்தார்.

நான்கு சக்கரத்தையும் பார்த்தேன். முன்னால் இரண்டும் முடிந்துவிட்டன. பின்னால் இரண்டிலும் பூ பாதிக்குக் கீழே, ரப்பரும் இறுகத் தொடங்கியிருந்தது. அவருக்கு மூன்று வழி இருந்தது. நான்கையும் கீழ்விலை டயராக மாற்றலாம். காரைச் செய்தவன் பதினேழு இஞ்சு போட்டிருந்தாலும் பதினாறு இஞ்சு ரிம் அந்தக் காருக்குப் பொருந்தும். அதற்கு மாறினால் நடுத்தர டயரே நான்கு மலிவாகக் கிடைக்கும், ஆனால் பார்க்க அவ்வளவு எடுப்பாக இருக்காது. அல்லது நல்ல டயராக இரண்டு மட்டும் இப்போது போட்டுவிட்டு, மற்ற இரண்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"பதினாறு வேணாம் அக்கா. ரிம்முக்காகத்தான் இந்தக் காரையே வாங்கினேன்," என்றார் மோகன். "நல்லதா ரெண்டு போடுங்க. முன்னால போட்டுருங்க. முன் வீல்தானே இழுக்குது."

"பின்னால போடறதுதான் நல்லது, தம்பி."

"ஏன்?"

இதற்குப் பதில் எனக்குத் தூக்கத்திலும் வரும். மழையில் முன் டயர் வழுக்கினால் கார் நேராகப் போகும். ஸ்டியரிங் லேசாவது கையில் தெரியும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேகம் குறைந்து பிடி திரும்பிவிடும். பின் டயர் வழுக்கினால் எதுவும் முன்கூட்டித் தெரியாது. காலை எடுத்தால் இன்னும் மோசம். வால் சுற்றிக்கொண்டு முன்னால் வந்துவிடும். நம்மைப் போல வேலைக்கும் வீட்டுக்கும் ஓட்டுகிறவர்களால் அதைத் திருப்பிப் பிடிக்க முடியாது. அதனால் எந்தச் சக்கரம் இழுத்தாலும் நல்ல டயர் பின்னால்தான் இருக்க வேண்டும். இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

வாயைத் திறந்தேன். ஃபோன் அடித்தது. ஏற்கெனவே டயர் போட்டுக்கொண்டு போன ஒருவர், சக்கர மூடியைக் கடையிலேயே விட்டுவிட்டதாகச் சத்தம் போட்டார். அவரைச் சமாதானம் செய்துவிட்டுத் திரும்பினால், மோகன் ரஹிமிடமே சொல்லிவிட்டிருந்தார். காரின் முன்பக்கம் ஏற்கெனவே தூக்கப்பட்டிருந்தது.

நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் பின்னால் போடுவது என்றால், பின்னால் இருப்பதைக் கழற்றி முன்னால் மாற்றி, பிறகு புதியதைப் பின்னால் மாட்ட வேண்டும். கூடுதலாக இருபது நிமிடம். வரிசையில் பதினான்கு கார்கள் நின்றன. அவரே கேட்டு வாங்கிக்கொள்கிறார், நமக்கென்ன என்று தோன்றியது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

ரேவதி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து மேசைக்கு வந்தார்.

"அக்கா, பின்னால உள்ளது ஓகேயா?"

மஞ்சள் தாளில் எழுதிக்கொண்டிருந்த நான் தலையைத் தூக்கவில்லை. "இன்னும் கொஞ்ச நாள் ஓடும்," என்றேன்.

தாளில் 'முன்னால் இரண்டு, வாடிக்கையாளர் விருப்பம்' என்று எழுதினேன். மூன்று கட்டத்திலும் டிக் போட்டேன். மோகன் கையெழுத்துப் போட்டார். "தீபாவளி வாழ்த்து அக்கா," என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மூன்று வாரம் கழித்து, கார் இழுக்கும் லாரி வைத்திருக்கும் பாலா தேநீர் குடிக்கக் கடைக்கு வந்தான். மாச்சாப் ஊர் தாண்டி ஹைவேயில் மழையில் ஒரு கார் சுற்றிப் போய்த் தடுப்பில் மோதியதாகச் சொன்னான். "மஞ்சக் காரு அக்கா. புருஷனுக்கு ஒன்னும் இல்ல. பொண்டாட்டி பக்கம்தான் அடி."

எந்தக் கார் என்று நான் கேட்கவில்லை. காரை இழுத்து வந்து போட்டிருந்த அவனுடைய இடம் எங்கள் கடைக்குப் பின்தெருவில்தான். நடந்து போனேன். இடது கதவு உள்ளே நசுங்கியிருந்தது. முன் டயர்கள் இரண்டிலும் புது டயருக்கே உரிய ரப்பர் முடிகள் இன்னும் நீட்டிக்கொண்டிருந்தன. பின் டயரில் கையை வைத்தேன். வெயிலில் நின்ற கார், டயர் சூடாக இருந்தது. நகத்தை அழுத்தினேன். இறங்கவில்லை. இதை அன்றைக்கு ரேவதியின் கையைப் பிடித்துக் காட்டியிருக்க வேண்டும். ஒரு நிமிட வேலை.

ரேவதிக்கு இடது முழங்கையிலும் தோளிலும் எலும்பு முறிவு. அறுவை சிகிச்சை செய்திருந்தார்கள்.

அடுத்த வாரம் மோகன் கடைக்கு வந்தார். கூடவே அவருடைய அண்ணன். அண்ணன்தான் பேசினார். "தேஞ்ச டயர பின்னால விட்டுட்டு புதுச முன்னால போட்டிருக்கீங்க. ஹைவே போலீஸ்காரரே பாத்துட்டு சொல்றாரு. ஒரு டயர் கடைக்கு இது தெரியாதா?"

தவுக்கே உள்ளே போய் ஃபைலை எடுத்து வந்தார். மஞ்சள் தாளை மேசையில் வைத்து, முதலில் 'வாடிக்கையாளர் விருப்பம்' என்ற வரியிலும், பிறகு மூன்றாவது கட்டத்திலும், கடைசியாகக் கையெழுத்திலும் விரலை வைத்தார்.

மோகன் தாளை நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஆமா. அக்கா பின்னாலதான் போடச் சொன்னாங்க. நான்தான் கேக்கல," என்றார். அண்ணனின் தோளைத் தொட்டு, "வாங்க போலாம்," என்றார்.

போய்விட்டார்கள். நான் அப்படியே நின்றேன். அவர் சொன்னதில் பொய் இல்லை. பின்னால் போடுவது நல்லது என்று ஒரு வரி சொன்னேன்தான். ஏன் என்று அவர் கேட்டார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பாதியை அவர் மறந்துவிட்டார், அல்லது எனக்காக விட்டுக்கொடுத்துவிட்டார். எதுவானாலும் பழி முழுவதையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பதினோரு நாள் நான் அதைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன். ஒவ்வொரு தாளிலும் மூன்றாவது கட்டத்துக்கு வரும்போது பேனா நின்றது. வருகிறவர்களிடம் தேவைக்கு மேல் பேசினேன். ஒரு பெரியவர், "போதும்மா, நான் டயர் கடை வைக்கப் போறதில்ல," என்றார். பன்னிரண்டாம் நாள் காலையில், கடை திறந்த கையோடு தவுக்கேயிடம் போனேன்.

"அந்த மஞ்சள் காருக்கு நான் விளக்கம் சொல்லவில்லை. டிக் மட்டும்தான் போட்டேன்."

கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார். "தெரியும்," என்றார். "அன்றைக்கு எழுதிய தாள்கள் எல்லாவற்றையும் சாயங்காலம் பார்த்தேன். எல்லா டிக்கும் ஒரே மாதிரி, ஒரே கோணத்தில் இருந்தது. மொத்தமாகப் போட்டிருக்கிறாய்."

"தெரிந்துமா அவர்களிடம் காட்டினீர்கள்?"

கண்ணாடியைச் சட்டையில் துடைத்தார். "அவன் அண்ணன் உன்னைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான்," என்றார்.

அவ்வளவுதான். அதை நியாயப்படுத்தவும் இல்லை, வருத்தப்படவும் இல்லை. அந்த நிமிடம் அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. நன்றியும் இருந்தது. இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"நான் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லப் போகிறேன்."

"போ," என்றார். "கடையைப் பற்றி என்ன கேட்டாலும் மறைக்காதே. நான்தான் தாளைக் காட்டினேன், அதையும் சொல்."

மத்தியானம் பஸ் பிடித்து சிம்பாங் ரெங்கம் போனேன். வரிசை வீடுகள் இருக்கும் ஒரு தாமான் குடியிருப்பில், கடைசி வீடு. ரேவதிதான் கதவைத் திறந்தார். இடது கை கழுத்தில் கட்டிய துணியில் தொங்கியது. முடி சரியாக வாரப்படவில்லை. முடி வெட்டும் தொழில் செய்கிறவர் அப்படி நிற்பதைப் பார்த்ததும் எனக்குச் சொல்ல வந்தது மறந்துவிட்டது.

"டயர் கடை அக்கா," என்றார், அடையாளம் கண்டு. "உள்ள வாங்க. அவரு ஐஞ்சரைக்குத்தான் வருவாரு."

உட்கார்ந்தேன். வரும் வழியில் ஒத்திகை பார்த்த எதுவும் வரவில்லை. நேராகவே சொன்னேன். மோகன் ஏன் என்று கேட்டார், நான் பதில் சொல்லவில்லை, விளக்கம் சொன்னதாகத் தாளில் டிக் போட்டேன், அந்தத் தாளைக் காட்டியபோது வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

ரேவதி முழுவதையும் கேட்டார். முடித்ததும், "நான் உங்ககிட்ட ஒன்னு கேட்டேன். ஞாபகம் இருக்கா?" என்றார்.

"இருக்கு."

"என்ன கேட்டேன்?"

"பின்னால உள்ளது ஓகேயான்னு கேட்டீங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இன்னும் கொஞ்ச நாள் ஓடும்னு."

"ஓடுச்சு," என்றார். "மூனு வாரம்."

தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை என்றிருந்தது.

"இந்தக் கை தோளுக்கு மேல போகாது. டாக்டரு பாக்கலாம்னு சொல்றாரு. ஒரு கையில முடியத் தூக்கிப் பிடிச்சாத்தான் இன்னொரு கையில வெட்ட முடியும். சலூன இப்போதைக்கு ஒரு சீனப் பொண்ணு பாத்துக்கட்டும்னு விட்டுட்டேன். அது போகட்டும். அவரு ராத்திரி தூங்கறதில்ல அக்கா. எழுந்து உக்காந்துக்கிட்டு, அக்கா சொன்னாங்க, நான் கேக்கலன்னு அதையே சொல்லிக்கிட்டு இருக்காரு. ரெண்டு வாரமா. நீங்க கடையில நின்னுக்கிட்டு இருந்தீங்க."

"ஆமா," என்றேன்.

"அவரு வர வரைக்கும் இருங்க. நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா, என்னைத் தேத்தறதுக்காகச் சொல்றேன்னு நெனப்பாரு."

இரண்டு மணி நேரம் அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ரேவதி ஒற்றைக் கையால் தேநீர் போட்டார். உதவ எழுந்தேன். "உக்காருங்க," என்றார். அதில் மரியாதை இருந்ததா, வேண்டாம் என்பது இருந்ததா, தெரியவில்லை. உட்கார்ந்தேன். மழை பெய்து நின்றது.

மோகன் வந்தார். இப்போதெல்லாம் மோட்டார் சைக்கிளில்தான் வேலைக்குப் போய்வருகிறார் என்று தெரிந்தது. ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்று கேட்டார். நான் முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க சொல்லியிருந்தாலும் நான் முன்னாலதான் போட்டிருப்பேன் அக்கா. என் புத்தி எனக்குத் தெரியும்."

"அது உங்களுக்கும் தெரியாது, அவங்களுக்கும் தெரியாது," என்றார் ரேவதி. "ரெண்டு பேரும் தெரிஞ்ச மாதிரி பேசாதீங்க."

பிறகு மோகன் என்னை பஸ் நிறுத்தம் வரை கொண்டுபோய் விட்டார். நான் இறங்கியதும், "இன்னிக்கு வந்ததுக்கு..." என்று தொடங்கி, முடிக்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

மறுநாள் தவுக்கே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அந்த வாரமே மஞ்சள் தாளை மாற்றி அச்சடித்தார். மூன்றாவது கட்டத்தை எடுத்துவிட்டார். அந்த இடத்தில் இரண்டு வெற்றுக் கோடுகள். புது டயரை எந்த மூலையில், எதற்காகப் போடுகிறோம் என்று வாடிக்கையாளரே தன் கையால், தனக்குத் தெரிந்த மொழியில் எழுத வேண்டும். பலருக்கு எரிச்சல். சிலர் 'ஓகே' என்று மட்டும் எழுதுவார்கள். திருப்பிக் கொடுத்து மறுபடி எழுதச் சொல்வேன். இரண்டு வாடிக்கையாளர்கள் அதற்காகவே வேறு கடைக்குப் போனார்கள். தவுக்கே கவலைப்படவில்லை. அவர் இறந்து இரண்டு வருடம் கழித்து, தாளே இல்லாமல் எல்லாம் கணினிக்குப் போகும் வரை அந்தக் கோடுகள் இருந்தன.

விபத்து நடந்து ஒன்றரை வருடம் இருக்கும். ஒரு புதன்கிழமை மத்தியானம், கடையில் கூட்டம் இல்லாத நேரம். மஞ்சள் கார் வந்து நின்றது. கதவு மாற்றியிருந்தார்கள், புதுக் கதவின் நிறம் மட்டும் கொஞ்சம் அழுத்தமாகத் தெரிந்தது. ஓட்டி வந்தது ரேவதி. தனியாக வந்திருந்தார்.

"அவரு தொட மாட்டேங்கறாரு. விக்கவும் மனசில்ல. நான்தான் ஓட்டுறேன்," என்றார். கையைத் தூக்கிக் காட்டினார். தோள் வரை வந்தது. காதுக்கு மேல் போகவில்லை. சலூனில் இப்போது வேறு இரண்டு பெண்கள் வெட்டுகிறார்கள், அவர் சாயம் போடுவதும் கல்லாவும் மட்டும். "நாலு டயரும் மாத்தணும். கையில பெரிசா ஒன்னும் இல்ல. மலிவா வேணும்."

"இங்கேயா வந்தீங்க?" என்று கேட்டுவிட்டேன். வாய்தவறி வந்துவிட்டது.

"வேற ரெண்டு கடைக்குப் போனேன். எல்லாரும் ஓகே ஓகேன்னுதான் சொல்றாங்க. உங்களுக்குப் பயம் இருக்கும். அதான் வந்தேன்."

ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டேன். என் முப்பத்தோரு வருடத்தில் ஒரு காருக்கு அவ்வளவு நேரம் செலவழித்ததில்லை. பதினேழு இஞ்சு ரிம்மைக் கழற்றிவிடலாம், மோகனுக்கு வேண்டுமானால் வீட்டில் வைத்துக்கொள்ளட்டும் என்றேன். எங்களிடம் அந்தக் காருக்குப் பொருந்தும் பதினாறு இஞ்சு ரிம் பழையது நான்கு இருந்தது. பிரேக்கில் இடிக்கிறதா என்று ரஹிமை மாட்டிச் சுற்றிப் பார்க்கச் சொன்னேன். இடிக்கவில்லை. டயரில் மூன்று ரகம் எடுத்து வந்து வைத்தேன். மிக மலிவானதை அவரே நகத்தால் அழுத்தினார். வேண்டாம் என்று தள்ளி வைத்தார். மிக விலையானது வேகமாக ஓட்டுகிறவர்களுக்கு; இவருக்கு அது வீண் என்றேன். நடுவில் இருந்தது பெரிய பெயர் இல்லாதது. ஆனால் ஈரத்தில் பிடிக்கும். அதே டயரைப் போட்டுக்கொண்டு போன டாக்ஸிக்காரர்கள் மறுபடி அதையே கேட்டு வந்திருக்கிறார்கள். சில மாதங்களுக்கு முன்புதான் செய்து வந்த புதுச் சரக்கு. நான்கும் ஒரே வாரத்தில் செய்தவை என்று எண்ணைப் படித்துக் காட்டினேன். ரேவதி தன் ஃபோனில் நான்கையும் படம் எடுத்துக்கொண்டார்.

மாட்டி முடிக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. நல்ல மழை. ரேவதி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"அக்கா, ஒரு மணி நேரம் கூட வர முடியுமா? மாச்சாப் வரைக்கும் போய்ட்டு வரணும்."

ரஹிமிடம் மேசையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். பெல்ட்டைப் போட்டேன். டோல் தாண்டி ஹைவேயில் ஏறினோம். கண்ணாடி துடைப்பான் முழு வேகத்தில் ஓடியும் முன்னால் போன லாரி மங்கலாகத்தான் தெரிந்தது. ரேவதி எண்பதில் ஓட்டினார். இடது பக்கத்தில் தடுப்புக் கம்பி என் முழங்கையை ஒட்டி ஓடிக்கொண்டே இருந்தது. என்னையறியாமல் கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

மாச்சாப் தாண்டி ஒரு நீண்ட வளைவு. சாலையின் ஓரத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. அவர் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சக்கரங்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் சத்தம் காலடியில் கேட்டது. கார் தடத்திலேயே போனது. ரேவதி மெதுவாக மூச்சை விட்டார். அதன் பிறகுதான் நானும் விட்டேன்.

அடுத்த வழியில் இறங்கித் திரும்பி, பழைய சாலை வழியாகக் கடைக்கு வந்தோம். மழை விடவில்லை. கடை வாசலில் ஒரு லாரிக்காரர் மேசைமேல் சாவியைத் தட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"இறங்குங்க அக்கா," என்றார் ரேவதி. "ஆளு நிக்கறாங்க."